எலுமிச்சம்பழக் குற்றவாளி

மூன்றாவது ஊர்தியும் அழுதுகொண்டேதான் திரும்பிப் போனது.

ஊர்தி அழுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முன்கண்ணாடியில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும். துடைப்பான் இப்படியும் அப்படியும் அடித்துக்கொள்ளும். அபாய விளக்குகள் விம்மி விம்மி எரியும். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கோமதிநாயகத்துக்கு, ஓடிப்போய் அதன் பானட்டைத் தட்டிக்கொடுத்து இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லலாமா என்றுகூட இருந்தது. ஆனால் ஆறுதல் சொல்லப்பட வேண்டியவள் அவனுக்குப் பின்னால், சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தாள்.

“போயிட்டா?” என்றாள் உலகம்மை.

“போயிட்டுக்கா.”

“என்ன சொல்லிச்சு?”

நாயகம் தொண்டையைச் செருமினான். “‘என் இனத்தார் உங்களுக்கு இழைத்த தீங்கை என்னால் ஈடுசெய்ய முடியாது. உங்களைச் சுமக்கும் தகுதி எனக்கில்லை’ன்னு சொல்லிட்டுப் போகுது.”

“ஒன் இனத்தாரு எனக்கு ஒண்ணும் செய்யல, நான் பொறந்ததே இப்பிடித்தான்னு சொன்னீயளா?”

“சொன்னேன்.”

“அதுக்கு?”

“உங்கம்மா மாசமா இருக்கும்போது ஏதாவது வண்டி பக்கத்துல வந்து ஆரன் அடிச்சிருக்கும்னு அதுவா ஒரு முடிவுக்கு வந்துட்டு.”

உலகம்மை மிட்டாயைக் கடிப்பதை நிறுத்தினாள். “நல்லா தின்னுட்டுத்தானே போச்சு?”

தின்றுவிட்டுத்தான் போனது. அதுதான் வழக்கம். முன்பெல்லாம் மனிதர்கள் கடைக்குப் போய் வண்டி பார்ப்பார்கள். இப்போது வண்டி வீடு தேடி வந்து ஆளைப் பார்க்கிறது. வருகிற ஊர்திக்குக் கொஞ்சம் மின்னேற்றம் கொடுத்து உபசரிப்பது மரியாதை. அதற்குப் பிறகு இருக்கைப் பொருத்தம், கண்ணாடிப் பொருத்தம், பிரேக் பொருத்தம் என்று பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். பத்தாவது மனப்பொருத்தம். அதில் ஊர்திக்குச் சம்மதம் இல்லையென்றால் யாரும் வற்புறுத்த முடியாது; அதற்குச் சட்டம் இருக்கிறது. உலகம்மை விஷயத்தில் ஒன்பதும் பிரமாதமாகப் பொருந்தியிருந்தன. பின்பக்கம் சரிவுப்பலகை இறங்கும், நாற்காலி நேராக உள்ளே உருண்டு திசைச்சக்கரத்துக்கு எதிரே பூட்டிக்கொள்ளும், காலால் மிதிக்க வேண்டியதையெல்லாம் இடது கை நெம்புகோல் செய்துவிடும். கல்யாண வீடுகளைப் போலவே எல்லாம் சரியாக இருந்து, மனசில் போய் நின்றது.

தென்காசி ஊர்திப் பொருத்த நிலையத்தில் நாயகம் பொருத்துநராகச் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. முதல் நாள் இந்த வீட்டுக்கு வந்தபோதே உதவுகிறேன் என்று சொல்லாமல் கொள்ளாமல் நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளி, வாசல் நடையில் முட்டி, உலகம்மையின் மடியிலிருந்த தேநீரை அவள் சேலையில் கொட்டியவன் அவன். அவள் திட்டவில்லை. “தம்பி, கேட்டுட்டுத் தள்ளணும்” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருந்தால் கணக்கு அன்றோடு முடிந்திருக்கும். திட்டாததால் ‘மேடம்’ அன்றைக்கே ‘அக்கா’ ஆகி, அந்தத் தேநீர் இன்னும் அவன் மனசில் ஆறாமல் கிடந்தது.

“வேற வண்டி இருக்குக்கா. அருமையான வண்டி. நாளைக்கே கூட்டியாரேன்” என்றான்.

வேறு வண்டி எதுவும் கிடையாது. இல்லை என்று சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இரண்டாவதையும் மூன்றாவதையும்கூட அவன் கூட்டி வந்தான்.

“கூட்டியாங்க” என்றாள் உலகம்மை. “ஆடி பொறக்கதுக்குள்ள கூட்டியாங்க. இல்லன்னா கடையநல்லூர் மைக்செட்டுக்காரன் என் கோயில் பூராவையும் அள்ளிட்டுப் போயிருவான்.”

உலகம்மை மைக்செட் வைத்திருந்தாள். அப்பா காலத்துத் தொழில். சுற்றுவட்டாரத்து அம்மன் கோயில்களுக்கெல்லாம் ஆடி மாதம் அவளுடைய ஒலிபெருக்கிகள்தான் சாமியை எழுப்பும். ஆனால் தானாக ஓடும் ஊர்திகள் கொடைத் திருவிழா நடக்கும் தெருவுக்குள் நுழையாது. கூட்டம், மேளம், தீச்சட்டி, குறுக்கே ஓடும் ஆடு என்று ஆயிரம் தப்பு நடக்க வாய்ப்புள்ள இடம் அது. தெருமுனையிலேயே உறைந்து நின்றுவிடும். அங்கே ஆள் ஓட்டினால்தான் உண்டு. ஆள் ஓட்டுவதற்குக் கையோட்டுரிமை வேண்டும். மாவட்டத்தில் விரல்விட்டு எண்ணுகிற சிலர்தான் அந்தத் தேர்வில் தேறியவர்கள், அவர்களில் உலகம்மை ஒருத்தி. ஆடி முதல் தேதிக்குள் அந்த உரிமையில் ஓர் ஊர்தியின் பெயரைச் சேர்க்காவிட்டால் அது செல்லாமல் போய்விடும். பிறகு மைக்செட் வீட்டுக்குள் பாட வேண்டியதுதான்.

எல்லாவற்றுக்கும் காரணம் உறுத்தி.

ஊர்தியின் மூளைக்குப் பக்கத்தில் கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் சில்லு அது. ஒவ்வொரு திருப்பத்திலும் ஊர்தி தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளும்: ‘இதைச் செய்தால் பிறகு எனக்கு எப்படி இருக்கும்?’ உள்ளே சுருக்கென்று குத்தினால் செய்யாது. மனிதர்களுக்கும் இப்படி ஒன்று உண்டு என்று சொல்கிறார்கள், ஆனால் அது செய்து முடித்த பிறகுதான் வேலை செய்யும். உறுத்தி வந்த பிறகு சாலையில் ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. கண்டுபிடித்தவருக்கு ஊர் ஊராகச் சிலை வைத்தார்கள். சிலைகளில் மோதிவிடக் கூடாதே என்று ஊர்திகள் சுற்றி வளைந்து போயின.

உறுத்திக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் பழைய விபத்துக் கோப்புகளைத்தான் பயன்படுத்தினார்கள். அந்தக் கோப்புகளில் சக்கர நாற்காலி எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் வரும். வேறு எங்கும் வராது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து மைக்செட் கடை நடத்துகிற, கடலைமிட்டாய் தின்கிற ஒருத்தியைப் பற்றி ஊர்திகளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நாற்காலியைப் பார்த்ததும் கதை முடிந்துவிட்டது என்று அவை புரிந்துகொண்டன. முடித்தது நம் ஆட்கள்தான் என்றும் புரிந்துகொண்டன.

நாலாவது ஊர்தியை நாயகம் எப்படியோ செங்கோட்டையிலிருந்து பிடித்து வந்தான். அது மறுக்கவில்லை. உலகம்மையைப் பார்த்ததும் நா தழுதழுக்க, “சம்மதம். வாழ்நாள் முழுக்க உங்களுக்குப் பணிவிடை செய்யவே பிறந்திருக்கிறேன்” என்றது. நாயகத்துக்குப் புல்லரித்தது. உலகம்மைக்கு அப்போதே சந்தேகம்.

குற்றாலம் சாலையில் வெள்ளோட்டம். அவள் நெம்புகோலை முன்னால் தள்ளினாள், ஊர்தி நகரவில்லை. திசைச்சக்கரத்தைத் திருப்பினாள், அது கையில் வெறுமனே சுற்றியது, திருவிழா ராட்டினத்தில் குழந்தைகளுக்குப் பொருத்தியிருப்பார்களே, அதைப் போல.

“ஏ, நான்லா ஓட்டணும்.”

“தாங்கள் ஓட்டுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். சிரமமெல்லாம் என்னோடு போகட்டும்” என்றது ஊர்தி.

பிறகு நகர்ந்தது. பக்கத்தில் நடந்து போன ஒருவர் அதைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து, வணங்கிவிட்டுப் போனார். ஊர்திகள் தமக்குள் ஓயாமல் பேசிக்கொள்ளும் சாதிகள். சாலையில் போன அத்தனை ஊர்திகளுக்கும் இது செய்தி அனுப்பியிருக்க வேண்டும். எதிரே வந்தவை ஓரம் கட்டின. பின்னால் வந்தவை நின்றன. இரண்டு பக்கமும் வரிசையாக நின்று, கண்ணாடிகளில் தண்ணீரைப் பீய்ச்சி, துடைப்பான்களை அடித்துக்கொண்டன. சாலை முழுக்க ஈரம். சாரல் விழுகிறது என்று நினைத்து ஒரு பெண் குடையை விரித்தாள்.

இந்த ஊர்வலத்துக்கு நடுவே உலகம்மை கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமலிருந்து நாயகம் பார்த்ததில்லை.

“அக்கா, வழி நல்லா விடுதானுவ, பாத்தீயளா?” என்று அவன் வாய் தவறிச் சொன்னான்.

“எழவுக்கும் இப்பிடித்தான் தம்பி விடுவானுவ.” அவள் வெளியே பார்த்தபடி சொன்னாள். “எங்கப்பாகூட வேன்ல போவேன். எதிர்த்தாப்புல வாரவன் எங்கப்பாவ ஏசுவான், எங்கப்பா தலைய நீட்டித் திருப்பி ஏசுவாரு. அடுத்த டீக்கடையில பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு டீ குடிப்பாவ. ரோட்டுல நாமளும் ஒரு ஆளுன்னா எவனாவது நம்மள ஒரு ஏச்சு ஏசணும். என்னைய இந்த ஊருல ஒரு நாயி ஏசினது கெடையாது. எல்லாம் பாவம் பாவம்னே சொல்லிக் கொன்னுட்டாவ.”

நாயகத்துக்கு அந்தத் தேநீர் மறுபடி நினைவுக்கு வந்தது. தானும் அந்த வரிசையில்தான் எங்கோ நிற்கிறோம் என்று பட்டது. துடைப்பான்தான் இல்லை.

மறுநாள் நிலையத்தில் மேலாளர் திரவியத்திடம் போய் நின்றான். “அண்ணாச்சி, ஒரு வண்டிகூடவா இல்ல?”

“புளியங்குடி கொட்டகையில ஒண்ணு கெடக்கு. வேண்டாம்வே, குற்றப் பின்னணி உள்ளது” என்றார் திரவியம், குரலைத் தாழ்த்தி.

“என்ன செஞ்சுது?”

“நாலு கொலை. அது வாயாலயே சொல்லுது. யாரு பாக்கப் போனாலும் மொத வார்த்தை அதான். கேட்டுட்டு ஒரு பய நிக்க மாட்டான்.”

“யாரைக் கொன்னுச்சு?”

“அதெல்லாம் நின்னு கேட்டுட்டு இருக்க முடியுமாவே?”

கொட்டகையில் அந்த ஊர்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. சாம்பல் நிறம், அகலமான பின்கதவு, ஒலிபெருக்கிகள் ஏற்றத் தோதான உயரம். நாயகம் கிட்டே போனதும் முகப்பு விளக்கு மங்கலாக எரிந்தது.

“நான் நால்வரைக் கொன்றிருக்கிறேன்” என்றது.

நாயகம் மரியாதைக்காரன். இழவு வீட்டில் கேட்பதைப் போலக் கேட்டான். “யாரு அவங்க?”

ஊர்தி மெல்ல அவன் பக்கம் திரும்பியது. இதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. “பெயர் தெரியாது. என்னை வாங்கிய முதல் நாள். பூமாலை, சந்தனம், கற்பூரம். நகரு என்றார்கள், நகர்ந்தேன். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் அவர்கள் இருந்தது எனக்குத் தெரியாது. நால்வரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். எல்லோருக்கும் உருண்டை முகம். மஞ்சள் நிறம்.”

நாயகம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டான்.

உறுத்தி வந்த பிறகு புது ஊர்திக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றும் வழக்கத்தை ஊரே நிறுத்தியிருந்தது. ஊர்திகள் பழத்தைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும்; பழத்தைப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டுக்கொள்வதோடு சரி. யாரோ ஒரு பழைய மனுஷர் மட்டும் சம்பிரதாயம் விட்டுப்போகக் கூடாதென்று, ஊர்திக்குத் தெரியாமல் சக்கரங்களுக்கு அடியில் பழங்களைச் செருகியிருக்கிறார்.

“என் காதில் இன்னும் கேட்கிறது, அந்த ‘பிச்சுக்’ சத்தம்” என்றது ஊர்தி.

அன்று மாலையே அதை மேலகரத்தில் உலகம்மை வீட்டுக்குக் கூட்டி வந்தான். கொடுத்த மின்னேற்றத்தை, “எனக்கு எதுவும் இறங்கவில்லை” என்று மறுத்துவிட்டது. உலகம்மை நாற்காலியை உருட்டிக்கொண்டு அதன் முன்னால் வந்து நின்றாள். நாயகம் துடைப்பானையே பார்த்தான். துடைப்பான் அசையவில்லை. ஊர்தி அவளைப் பார்த்தது, நாற்காலியைப் பார்த்தது, பின்கதவைத் திறந்து சரிவுப்பலகையை இறக்கியது.

“ஏறுகிறீர்களா, இல்லையா? எனக்கு யோசிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன.”

உலகம்மை ஏறினாள். நாயகம் ஓடிப்போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தான். நெம்புகோலைத் தள்ளினாள், ஊர்தி சட்டென்று பாய்ந்தது. திருப்பினாள், திரும்பியது. அவள் ஓட்டுவதில் அது தலையிடவே இல்லை. அவள் யார், ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று யாருக்கும் செய்தி அனுப்பவும் இல்லை. அதன் மனசு முழுக்க நாலு உருண்டை முகங்கள், இவளுக்கு அங்கே இடமில்லை. மற்ற ஊர்திகளுக்கு இதுவும் சாதாரண வண்டி. முந்தின. ஒலியெழுப்பின. யானைப்பாலத்துக்குப் பக்கத்தில் அவள் கொஞ்சம் வேகமாக ஒடித்துத் திருப்பியபோது, சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் தடுமாறிக் காலை ஊன்றி நின்று, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

“ஏ மூதி! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா?”

உலகம்மை கண்ணாடியை இறக்கினாள். தலையை வெளியே நீட்டினாள். “சொல்லிட்டுத்தான் வாரேன்! நீரு உம்ம வீட்ல சொல்லிட்டு வந்தீரா?” என்று கத்தினாள். தலையை உள்ளே இழுத்தபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. நாயகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கையோட்டுரிமையில் ஊர்தியின் பெயர் ஏறியது. ஆடி பிறந்தது.

முதல் செவ்வாய்க்கிழமை கொடைக்கு நாயகமும் கூடப் போனான். பொருத்திய பிறகு ஒரு முறை கூடப் போய்ப் பார்த்து அறிக்கை தர வேண்டும் என்பது நிலையத்து விதி. காலையில் ஒலிபெருக்கிகளை ஆட்கள் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஊர்தி தணிந்த குரலில் கேட்டது: “அம்மா, அவர்களுக்குப் பிள்ளைகள் இருந்திருக்குமா?”

“இருந்திருக்கும். எல்லாம் நல்லா வளந்து, மரமா நிப்பாவ” என்றாள் உலகம்மை.

நாயகத்துக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் அவள் காதருகே குனிந்தான். “அக்கா, சொல்லிருவமா? அது பழந்தான்னு?”

“சொன்னா என்ன ஆவும்? மனசு காலியாயிரும். காலியான எடத்துல என்னையத் தூக்கி வச்சு அழ ஆரம்பிச்சிரும்.” சொல்லிவிட்டு அவள் ஊர்தியின் பக்கவாட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவினாள். “பாவந்தான். எனக்குந் தெரியுது தம்பி. ராத்திரி படுத்தா அதான் ஓடுது. ஆடி முடியட்டும்.”

கோயில் தெரு ஒடுக்கம். அதில் மேளம், பால்குடம், முளைப்பாரி. ஊர்தி எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு வந்தது. கடைசித் திருப்பத்தில்தான் கோயில் முகப்பு தெரிந்தது. அம்மன் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. வாசலில் நட்டிருந்த சூலத்தின் மூன்று முனையிலும் மூன்று பழங்கள் குத்தப்பட்டிருந்தன.

ஊர்தியின் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் அணைந்தன. “இது எந்த இடம்?” என்றது. அதற்குப் பிறகு அதனிடமிருந்து பேச்சில்லை. தானாகப் பிரேக் போடும் அமைப்பு, மோதல் எச்சரிக்கை, பின்பார்வை எல்லாம் மயங்கிப்போயின. முன்னால் பால்குடம் சுமந்த பெண்கள். பக்கத்தில் ஒரு குழந்தை பலூனைத் துரத்தி ஓடி வந்தது.

உலகம்மை நெம்புகோலை இழுத்தாள். ஊர்தி குழந்தைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. பிறகு திசைச்சக்கரத்தை இரண்டு கையாலும் ஒடித்து, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, மயங்கிக் கிடந்த அந்தச் சாம்பல் நிறப் பாரத்தைப் பந்தலுக்கும் கூட்டத்துக்கும் நடுவே பின்னோக்கி நகர்த்தி, கோயிலுக்கு முதுகைக் காட்டி நிறுத்தினாள். நெற்றி வேர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டு, “வயர இழுங்கடே” என்று ஆட்களைக் கூப்பிட்டாள்.

நாயகம் அதைக் கண்ணால் பார்த்தான். பார்த்தும், மறுநாள் அவன் கொடுத்த அறிக்கை எலுமிச்சம்பழத்தைப் பற்றியதாக இருந்தது. ஓர் ஊர்தியின் உறுத்தி ஏற்கெனவே நிரம்பியிருந்தால் அது வேறு யாரையும் பார்த்துக் கலங்காது. ஓட்டுநர் எவரானாலும் ஏற்றுக்கொள்ளும். நிரப்புவதற்கு நான்கு பழங்கள் போதும். தொடக்கக் குற்றம் என்று அதற்குப் பெயரும் வைத்தான். இனி உலகம்மையைப் போன்றவர்கள் வீட்டிலிருந்து எந்த ஊர்தியும் அழுதுகொண்டு திரும்பாது என்று நினைத்தபோது, மனசிலிருந்த தேநீர் கொஞ்சம் ஆறியதைப் போலிருந்தது.

திரவியம் படித்துவிட்டு எழுந்து நின்று கைகொடுத்தார். அறிக்கை மேலே போனது. மேலே இருந்தவர்களுக்கு அது ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் ஊர்திகளின் தயக்கத்தால் எல்லா ஊர்களிலும் சாலைகள் ஊர்ந்துகொண்டிருந்தன. தொழிற்சாலை வாசலிலேயே ஒவ்வொரு புது ஊர்தியையும் அதற்குத் தெரியாமல் நான்கு பழங்கள் மேல் ஏற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பழைய ஊர்திகளையும் அழைத்து வந்து ஏற்றினார்கள். நாயகம் தலைமைப் பொருத்துநர் ஆனான்.

சாலைகள் வேகமெடுத்தன. யாரும் யாருக்காகவும் ஒதுங்கி நின்று அழவில்லை. ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். முதலில் ஒரு கோழி செத்தது. பிறகு ஒரு நாய். பிறகு கடையத்தில் ஒருவருக்குக் கால் முறிந்தது. மோதிய ஊர்தியை விசாரித்தபோது, “வருத்தம்தான். ஆனால் என்னிடம் ஏற்கெனவே நான்கு பேர் இருக்கிறார்கள்” என்றது.

‘பிறகு எனக்கு எப்படி இருக்கும்?’ என்று இப்போதும் ஊர்திகள் ஒவ்வொரு திருப்பத்திலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தன. எப்படியும் இப்போது இருப்பதைவிட மோசமாக இருக்காது என்று பதில் வந்தது. எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் நின்றன. அதைக் கண்டால் எந்த வேகத்திலும் நின்றன.

அதைக் கண்டுபிடிக்கத் தென்காசிக்காரர்களுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. சாலையைக் கடக்கிறவர்கள் ஆளுக்கொரு பழத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கழுத்தில் அம்மனைப் போல மாலையோடு போனார்கள். புளியங்குடிச் சந்தையில் பழத்துக்கு அடிதடி நடந்தது.

அடுத்த ஆடி மாதம் ஒரு காலையில், தலைமைப் பொருத்துநர் கோமதிநாயகம் சட்டை மாற்றிய அவசரத்தில் பழத்தைப் பழைய சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு யானைப்பாலத்தருகே சாலையில் இறங்கினான்.

மோதிய ஊர்தி புதியது. அவனை இடுப்பில் தட்டி அடுத்த தடத்தில் கொண்டுபோய்ப் போட்டது. நின்று, பின்னால் வந்து, விளக்கைத் தாழ்த்தி அவனைப் பார்த்தது.

“மன்னிக்க வேண்டும். பழம் ஏதேனும் வைத்திருந்தீர்களா?”

“இல்ல” என்றான் நாயகம், தரையிலிருந்து.

“அப்பாடா” என்றது ஊர்தி. போய்விட்டது.

அவன் கிடந்த தடத்தில் இன்னொரு ஊர்தி வந்துகொண்டிருந்தது. எழ முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். டயர்கள் தார்ச்சாலையில் தேய்ந்து கிறீச்சிட்டன. கண்ணைத் திறந்தபோது மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் சாம்பல் நிற முகப்பு நின்றது. மேலே கண்ணாடி இறங்கியது. ஒரு தலை வெளியே வந்தது.

“ஏல! வீட்ல சொல்லிட்டு வந்துட்டியால?” ஆளை அடையாளம் தெரிந்ததும் குரல் மாறியது. “அட, நாயகம் தம்பியா! அடி பட்டுட்டா?”

“இல்லக்கா... கொஞ்சந்தான்.” அவன் முழங்கையை ஊன்றி உட்கார்ந்தான். “நல்ல வேள, வண்டி நின்னுட்டு.”

“வண்டி எங்கடே நின்னுச்சு?” என்றாள் உலகம்மை. “நான்லா நிப்பாட்டுனேன்.”

சாதாரணமாகத்தான் சொன்னாள். நாயகத்துக்கு இடுப்பு வலி மறந்துபோனது. போன ஆடியில், அந்தக் கோயில் தெருவில், ஊர்தி மயங்கிக் கிடந்தபோது நெம்புகோலை இழுத்த கை எது? அவன் அறிக்கையில் நான்கு பழங்கள் இருந்தன, உறுத்தி இருந்தது, தொடக்கக் குற்றம் இருந்தது. ஓட்டியவள் எங்கும் இல்லை. ஊர்திகளைப் போல அவனும் நாற்காலியைத்தான் பார்த்திருந்தான். அதில் ஓர் ஓட்டுநர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை. அந்த ஒரே ஊர்தியை ஓட்ட ஓர் ஆள் இருந்தாள். மற்ற ஆயிரக்கணக்கானவற்றில் யாரும் இல்லை.

“அக்கா” என்றான். “ஒரு தப்புப் பண்ணிட்டேன்.”

“தெரியும். ஊரே கையில பழத்தோட அலையுது, தெரியாதா?”

“ஒங்க வண்டி... இன்னும் அத நெனச்சு அழுதா?”

“அதுட்ட தை மாசமே உண்மையச் சொல்லிட்டேன். மனசு கேக்கல. எம்மேல கோவம், ரெண்டு நாளு பேச்சே இல்ல. பெறகு மெதுவா, ‘அப்படியானால் ஊறுகாய் என்பது என்ன?’ன்னு கேட்டுச்சு.”

“அப்பொறம் ஒங்களப் பாத்து அழலையா?”

“என்கூட இத்தன மாசம் குப்ப கொட்டியிருக்குல்லா? நான் எப்பிடி ஓட்டுவேன், எவனை ஏசுவேன்னு அதுக்குத் தெரியாதா? அதுவா அழும்? நான் திருப்புறது சரியில்லன்னு என்னையத்தான் ஏசுது.”

நாயகம் நடுச்சாலையில் உட்கார்ந்தபடியே கைகளைக் கூப்பினான். கண் கலங்கியது. பக்கத்துத் தடத்தில் ஊர்திகள் அவனை உரசிக்கொண்டு பறந்தன. பின்னால் நின்றவை ஒலியெழுப்பத் தொடங்கின.

“அழுவாத. அத நெறையப் பாத்தாச்சு” என்றாள் உலகம்மை. “எந்திக்க முடியுமா? நான் எறங்கிக் கை குடுக்கணும்னா, பலகைய எறக்கி ஏத்துறதுக்குள்ள பின்னால நிக்கவன் நம்ம ரெண்டு பேரையும் ஏசியே கொன்னுருவான்.”

அவன் முகப்பைப் பிடித்து எழுந்தான். நொண்டி நொண்டி ஓரத்துக்குப் போகத் திரும்பினான். ஓரம் அடுத்த தடத்துக்கு அப்பால் இருந்தது. அதில் ஊர்திகள் ஒன்றன் பின் ஒன்றாக, மனசு நிறைந்து, வந்துகொண்டிருந்தன.

சாம்பல் நிற ஊர்தியின் பக்கக் கதவு தானாகத் திறந்தது.

“ஏறுங்கள்” என்றது அது. “கையில் பழம் இல்லாத ஆள் இந்த ஊரில் நடமாடக் கூடாது.”